பின் இடது மூலை

"பிப்ரவரி 12, ஞாயிறு. காற்று அதிகம். நம் ஆட்கள் ஐந்து பேர்தான். பின் இடது மூலையில் கேட் சிஸ்டர் நின்றார். பக்கத்து கேம்ப்பிடம் தோல்வி."

என் டைரியில் இப்படி இருக்கிறது. அன்று எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அதே பக்கத்தில், அதற்குக் கீழே, கிடங்கின் ஏசி பழுதானதைப் பற்றி இதைவிட இரண்டு மடங்கு நீளத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் நடந்ததை வைத்துப் பார்க்கும்போதுதான் இந்த வரிகளுக்குத் தேதி போட்டு வைத்தது நல்லதாயிற்று என்று தோன்றுகிறது.

இதில் வருகிற யாருடைய பெயரையும் நான் எழுதவில்லை. சிஸ்டரின் நாட்டுப் பெயரையும் விட்டுவிடுகிறேன். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாடு என்பது போதும். அந்த நாட்டு மகளிர் வாலிபால் அணியில், நான் சொல்லப்போகிற இடத்தில் ஆடுகிறவர்கள் இரண்டே பேர். நாட்டைச் சொன்னால் ஆளைச் சொன்னது போலாகிவிடும்.

நான் துபாயில், அல் கூஸ் என்ற தொழிற்பேட்டைப் பகுதியில், கட்டுமானப் பொருள் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பர். கிடங்கின் பின்சுவருக்கும் தொழிலாளர்கள் தங்கும் எங்கள் கேம்ப்புக்கும் நடுவே ஒரு காலி மனை இருக்கிறது. அதுதான் மைதானம். நெட்டின் ஒரு முனையை விளக்குக் கம்பத்தில் கட்டுவோம். மறுமுனைக்கு ஒரு பெயின்ட் டிரம்மில் கான்கிரீட் ஊற்றி அதில் சாரக்குழாய் ஒன்றை நட்டு வைத்திருந்தோம். கோட்டுக்குப் பதில் கயிறு. காற்று அடித்தால் கயிறு மணலுக்குள் போய்விடும். பிறகு பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சண்டை. மணலும் நல்ல மணல் இல்லை. சரளைக்கல் கலந்தது. எவ்வளவு பொறுக்கிப் போட்டாலும் அடுத்த ஞாயிறு புதிதாக முளைத்தது போலக் கிடக்கும்.

ஆடுகிறவர்கள் எல்லோரும் புதுக்கோட்டை, சிவகங்கை, அரியலூர்ப் பக்கத்து ஆட்கள். கேப்டன் ஒரு கிரேன் ஆபரேட்டர், புதுக்கோட்டைக்காரர். நான் ஆட மாட்டேன். டிரம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாயிண்ட் சொல்வேன். எல்லோரும் என்னை ஸ்டோர் அண்ணன் என்பார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் வாலிபால் ஆடுகிற விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். விதிப்புத்தகத்தின்படி, சர்வீஸ் கைமாறும்போது ஆறு பேரும் கடிகார முள் போகிற திசையில் ஓர் இடம் நகர வேண்டும். முன்னால் நிற்பவன் பின்னால் போவான், பின்னால் நிற்பவன் முன்னுக்கு வருவான். எங்கள் ஊர்களில் யாரும் நகர மாட்டார்கள். முன் இடது என்றால் ஆயுசுக்கும் முன் இடதுதான். அண்ணன் வெளிநாடு போனால் அந்த இடத்தில் தம்பி நிற்பான். அண்ணன் லீவில் வந்தால் தம்பி வெளியே உட்காருவான். ஆசியாவில் ஒரு காலத்தில் ஒன்பது பேர் ஆடிய, இடம் மாறாத ஆட்டம் ஒன்று இருந்ததாகப் படித்திருக்கிறேன். எங்கள் வழக்கம் அதிலிருந்து வந்ததா, யாரோ ஒருவருடைய சோம்பலில் பிறந்ததா என்பதற்கு எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எதுவானாலும், அல் கூஸுக்கு வந்த பிறகும் அப்படித்தான் ஆடினோம். பின் இடது மூலை சிவகங்கை ஏசி மெக்கானிக்குடையது. அவர் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். அந்த மூலைதான் அன்று காலியாக இருந்தது.

சிஸ்டர் எங்கள் கிடங்கின் கேட்டில் செக்யூரிட்டி. வேறொரு கம்பெனியின் ஆள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை டூட்டி. அவர்களுடைய பஸ் மற்ற சைட்டுகளில் எல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைக் கேபினில் உட்கார்ந்து போன் பார்த்துக் கழிப்பார். அன்று எழுந்து வந்து கயிற்றுக்கு வெளியே நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இங்கே எல்லோரும் பேசுகிற சைட் இந்தியில், "பாய், ஏக் ஆத்மி கம் ஹை?" என்று கேட்டார். ஓர் ஆள் குறைகிறதா என்று.

கேப்டன் என்னிடம் வந்தார்.

"கேட்டுல இருக்குற புள்ள வெளாட வருதாம்ணே. என்ன சொல்றது?"

"எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? கேப்டன் நீங்கதானே."

"கையில பட்டு வீங்கிப்போச்சுன்னா அதோட சூப்பர்வைசர் நம்மளத்தான் புடிப்பான்."

வேறு வழியில்லை, ஆள் குறைந்தது. சிஸ்டர் யூனிபார்ம் சட்டையைக் கழற்றிக் கேபின் கதவில் மாட்டினார். உள்ளே டி-ஷர்ட் போட்டிருந்தார். பூட்ஸையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தார். கேப்டன் கையால் பின் இடது மூலையைக் காட்டினார். அவன் வர்ற வரைக்கும் நில்லுங்க என்று தமிழிலேயே சொன்னார்.

எதிர்ப்பக்கம் பக்கத்து கேம்ப்பின் பஞ்சாபிகள். முதல் சர்வீஸை ஏதோ கோழிக்குஞ்சைத் தூக்கிப் போடுவது போல அவரிடம் போட்டார்கள். அவர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஜோர் சே மாரோ, பாய்" என்றார். பலமாக அடியுங்கள் என்றதும் எல்லோருக்கும் சிரிப்பு. அவர்களில் உயரமானவர் உண்மையிலேயே பலமாக அடித்தார். பந்து சிஸ்டரின் தோளில் பட்டு, கேம்ப் சமையலறைக் கூரைக்கு மேல் போய் விழுந்தது. சிஸ்டர் தோளைத் தடவிக்கொண்டே, "ஏக் அவுர்" என்றார். இன்னொன்று.

அடுத்த சர்வீஸுக்கு முன், வலது காலால் தன் முன்னால் கிடந்த சரளையை ஒரு தேய்ப்பில் ஒதுக்கினார். பிறகு எப்போது ஆடினாலும் ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்னும் அப்படிச் செய்வார். கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அவர் யார் என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது, காலையில் கேட்டில் கையெழுத்துப் போடுகிற நேரத்தில். பள்ளி முடித்ததும் தன் நாட்டு ஜூனியர் அணியில் இருந்திருக்கிறார். முன் இடதில் நின்று அடிக்கிற ஆள். அவர்கள் ஊரில் பெரிய பெண்கள் அணிகளைச் சிறைத்துறையும் போலீஸும் வங்கிகளும் நடத்துகின்றன. நன்றாக ஆடினால் வேலை நிரந்தரமாகும். சிறைத்துறை அணியில் இவர் தற்காலிகமாகவே இருந்தார், நிரந்தரம் ஆகவில்லை. வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லாததால் ஏஜெண்ட் மூலம் துபாய் வந்துவிட்டார்.

அவர் ஜூனியர் அணியில் இருந்த காலத்தில் பக்கத்து நாட்டுக்குப் போட்டிக்குப் போனால் இரண்டு நாள் பஸ் பயணம். பள்ளிக்கூட வகுப்பறைகளில் படுப்பார்கள். சட்டையைப் போட்டி முடிந்ததும் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அடுத்த அணி போடுவதற்கு. இவருக்கு வந்த சட்டை இன்னும் பருமனான ஒருவருக்குத் தைத்தது. அதைக் கால்சட்டைக்குள் திணித்துத் திணித்து ஆடியதில் பாதிப் போட்டி போயிற்று என்று சொல்லிச் சிரித்தார். எல்லை தாண்டிப் போன எல்லாப் போட்டியிலும் தோல்விதான். தோற்றுத் திரும்பும் பஸ்ஸில்தான் பாட்டு அதிகமாக இருக்கும் என்றார்.

இவர் துபாய்க்கு வந்த பிறகு அங்கே நிலைமை மாறியது. பழைய ஆட்டக்காரர் ஒருவர் பயிற்சியாளராக வந்தார். சிறைத்துறை, போலீஸ், வங்கி என்று பிரிந்து கிடந்தவர்களை ஒரே இடத்தில் தங்கவைத்து மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார். முதலில் கிழக்கு ஆப்பிரிக்கப் போட்டியில் மூன்றாமிடம். அடுத்த ஆண்டு அதே போட்டியில் முதலிடம். அந்தச் செய்தி வந்த திங்கட்கிழமை சிஸ்டர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கோப்பையோடு நிற்கும் படம். அதில் மூன்று பேரை விரலால் தொட்டுக் காட்டினார். இவரோடு அந்த வகுப்பறைகளில் படுத்தவர்கள். நான் வாழ்த்துச் சொன்னேன். அவர் போனைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிமெண்ட் லாரி ஒன்று ஹாரன் அடித்த பிறகுதான் தடுப்பைத் தூக்கினார்.

அதன் பிறகு ஒவ்வொரு போட்டி முடிவையும் அவர் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். எனக்கு எதையும் தேதியோடு எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. அதற்குத் தனிக் காரணம் எதுவும் இல்லை. ஏப்ரலில் ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: "அக்டோபரில் தேர்வு முகாம். யார் வேண்டுமானாலும் வரலாம். அடுத்த ஆண்டு ஆப்பிரிக்கக் கண்டப் போட்டிக்கு. சிஸ்டர் போக நினைக்கிறார். இருபத்தேழு வயது. இதை விட்டால் இல்லை என்கிறார்."

போக வேண்டுமானால் அவர் அடித்துப் பழக வேண்டும். பழக இருந்த ஒரே மைதானம் எங்களுடையது. அதில் அவருக்கு இருந்த ஒரே இடம் பின் இடது மூலை. அங்கே நிற்பவருக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. நெட்டுக்கு மேல் எழும்பி அடிக்க வாய்ப்பே வராது.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் கேப்டனிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். தான் அடிக்கிற ஆள், ஒரு செட்டிலாவது தன்னை முன் இடதில் நிற்க விட வேண்டும் என்று. கேப்டன் முன் இடதைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அரியலூர் கம்பி கட்டுகிறவர் நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப அவன் எங்கண்ணே நிப்பான்?" என்றார் கேப்டன்.

பின்னால் நிற்கட்டும், மாற்றி மாற்றி நிற்கலாமே என்றேன்.

"பின்னாடி அவன் நின்னதே இல்லியே."

அவர் குரலில் வன்மம் எதுவும் இல்லை. ஒருவருடைய கட்டிலில் இன்னொருவரைப் படுக்கச் சொல்வது போல அவருக்கு அது தோன்றியது. ஆனால் சிஸ்டர் எதற்காகக் கேட்கிறார் என்பதை நான் விளக்கிச் சொன்னதும் கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, சரி, அடுத்த வாரம் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே சுற்றி ஆடிப் பார்ப்போம் என்றார்.

அந்த அடுத்த ஞாயிறு எங்கள் மைதானத்தின் வரலாற்றில் மோசமான நாள். சிஸ்டர் ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து நகர்த்தி நிறுத்தினார். சர்வீஸ் வரும்வரை நின்றார்கள். பந்து காற்றில் வந்ததும் ஆளாளுக்குத் தன் பழைய இடத்துக்கு ஓடினார்கள். கம்பி கட்டுகிறவரும் கேப்டனும் நடுவில் மோதிக்கொண்டார்கள். பந்து யாருமில்லாத இடத்தில் விழுந்து உருண்டது. எதிர்ப்பக்கத்துப் பஞ்சாபி ஒருவர் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார். கேப்டன் உதட்டில் ரத்தத்தோடு, "டேய், நீ ஒன் எடத்துல நில்லுடா" என்று கத்த, "எது மாமா என் எடம்? இப்ப எதுன்னு சொல்லு, நிக்கிறேன்" என்றார் கம்பி கட்டுகிறவர். நான் பாயிண்ட் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

சிஸ்டர் இரண்டு கைகளையும் தூக்கி, "கலாஸ், கலாஸ்" என்றார். முடிந்தது, போதும். நடந்துபோய்ப் பின் இடது மூலையில் நின்று காலால் சரளையை ஒதுக்கினார். அதற்குப் பிறகு முன்னால் நிற்க அவர் கேட்கவில்லை.

ஆனால் ஆட வருவதை நிறுத்தவில்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் எங்கள் ஆட்களே பாதிப் பேர் வராதபோதும் வந்தார். சிவகங்கை மெக்கானிக் லீவை நீட்டி, பிறகு அங்கேயே கடை போட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. மூலை சிஸ்டருக்கே நிலைத்தது. பஞ்சாபிகளுக்கு ஒரு கணக்கு இருந்தது: எதிரில் ஒரு பெண் நிற்கிறார், இடம் மாற மாட்டார், எனவே எல்லா சர்வீஸையும் அங்கேயே அடிக்கலாம். ஆறு பேரில் ஒருவருக்கே எல்லாப் பந்தும் போனது. பிப்ரவரியில் தோளில் பட்டுக் கூரைக்குப் போன பந்து, ஆகஸ்டில் கேப்டன் நின்ற இடத்தைவிட்டு நகராமல் கையை உயர்த்தினால் கிடைக்கிற மாதிரி வந்தது. அப்போது இதை யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்திருந்தோம். அது கம்பி கட்டுகிறவர் அடிக்கிற அடியால் என்று அவர் உள்பட எல்லோரும் நம்பினோம்.

செப்டம்பரில் சிஸ்டர் லீவுக்கு எழுதிக் கொடுத்தார். அவர்களுடைய சூப்பர்வைசர் கேபினுக்கு வந்து, நான் பக்கத்தில் நிற்கும்போதே, "ரீப்ளேஸ்மெண்ட் மாஃபி, லீவ் மாஃபி" என்று நாலு சொற்களில் முடித்தார். மாற்று ஆள் இல்லை, லீவும் இல்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் பல மாதங்கள் இருந்தன. இருந்த வழி ராஜினாமா. அதற்கு ஒரு மாத நோட்டீஸ். விட்டால் இந்த வேலைக்குத் திரும்ப வர முடியாது. தேர்வில் தோற்றால் ஊரில் வேலையும் இல்லை.

இரண்டு நாள் வழக்கம்போல் கேட்டைத் திறந்து மூடினார். மூன்றாம் நாள் என்னிடம் காலண்டரைக் கேட்டார். நோட்டீஸ் எப்போது கொடுத்தால் எப்போது முடியும் என்று இருவரும் பார்த்தோம். அன்றே கொடுத்தால், நோட்டீஸ் முடிவதற்கும் தேர்வுக்கும் நடுவில் ஒரே ஒரு ஞாயிறு இருந்தது. விமானம் ஏற அது போதும் என்றார். கடிதத்தை அவரே எழுதினார். ஒரே வரிதான்.

அவர் ஆடிய கடைசி ஞாயிற்றுக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். கேப்டன் தானாகவே பின் இடது மூலைக்குப் போய் நின்றுகொண்டார். கம்பி கட்டுகிறவர் முன் இடதைவிட்டு விலகி, மைதானத்துக்கு வெளியே வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். "சிஸ்டர், ஆகே" என்றார் கேப்டன். முன்னால் போங்கள்.

சிஸ்டர் முன்னால் போய் நின்றார். முதல் பந்தை அடித்தார், நெட்டில் விழுந்தது. இரண்டாவது கயிற்றுக்கு வெளியே போனது. மூன்றாவதற்கு எழும்பும் நேரம் தவறிவிட்டது. கை பந்தைத் தொடவே இல்லை. அவர் ஜூனியர் அணியில் அடித்ததை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அது இப்படி இருந்திருக்காது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நாலாவது பந்து உள்ளே விழுந்தது. எல்லோரும் கை தட்டினோம், பஞ்சாபிகள் உள்பட. அவர் தட்டவில்லை. பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே போய் யூனிபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு கேபினில் உட்கார்ந்துவிட்டார்.

நான் போய்ப் பார்த்தேன். "தும் லோக் ஹம்கோ கராப் கியா" என்றார். நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னைக் கெடுத்துவிட்டீர்கள் என்று. கேலியாகத்தான் சொன்னார், பாதி வரைக்கும். பிறகு ஆங்கிலத்தில், தேர்வுக்கு வருகிறவர்கள் பத்தொன்பது இருபது வயதுக்காரர்கள், என்னைவிட உயரமானவர்கள், நான் எதைக் காட்டப் போகிறேன் என்று கேட்டார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அக்டோபர் நடுவில் அவரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு குரல் செய்தி வந்தது. அதை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்களுக்குத் தமிழில் சொன்னேன். அடிக்கிறவர்களுக்கான தேர்வில் இரண்டாம் நாளே வெளியே அனுப்பிவிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில், சர்வீஸ் அடிக்கிறவர்களைத் தேர்வு செய்ய எதிரே நின்று பந்தை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் பின் இடதில் போய் நின்றார். காலை முழுக்க வந்த எதையும் இவர் விடவில்லை. பயிற்சியாளர் வந்து, இந்த வருடம் எங்கே ஆடினாய், எந்த கிளப் என்று கேட்டாராம்.

அந்த இடத்தில் செய்தியில் சிஸ்டர் சிரிப்பது கேட்கிறது. "கிரேன் ஆபரேட்டர்களோடு ஆடினேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை."

பையை வைத்துவிட்டு இன்னும் இரண்டு வாரம் இரு என்றார்களாம். லிபரோ என்ற இடத்துக்குப் பார்க்கிறார்கள். லிபரோ என்பவர் வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் மட்டும் ஆடுகிறவர். நெட்டுக்கு மேலே அடிக்க அவருக்கு அனுமதியே இல்லை. முன்வரிசைக்கு நகர வேண்டிய முறை வந்தால் வெளியே போய்விட்டு, பின் திரும்பி வருவார். தொண்ணூறுகளின் கடைசியில்தான் இந்த விதி சர்வதேச ஆட்டத்தில் வந்தது. பெரும்பாலும் அவர் காக்கிற இடம் பின் இடது மூலை.

கேப்டன் இதைக் கேட்டுவிட்டு அடுத்தடுத்து இரண்டு முறை செய்தியைப் போடச் சொன்னார், அவருக்கு அந்த மொழி புரியாவிட்டாலும்.

"அங்கயும் ஒரு ஆளு சுத்தாம நிக்கிறாங்கதானே?" என்றார். "நம்மளத்தான் என்னமோ வெதிபுஸ்தகம் படிக்காத பயலுகன்னீங்க."

"நான் அப்பிடிச் சொல்லலையே."

"மூஞ்சியில சொன்னீங்கண்ணே."

அந்தச் செய்திக்குப் பிறகு வேறு செய்தி வரவில்லை. நான் அனுப்பியவற்றில் ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. முகாமில் போனை வாங்கி வைத்துவிடுகிறார்களோ, எண்ணை மாற்றிவிட்டாரோ, இரண்டும் இல்லையோ.

அடுத்த ஆண்டு கண்டப் போட்டி நடந்தது. சிஸ்டரின் நாடு அரையிறுதிக்கு வந்துவிட்டது. அதற்கு முன் அந்த நிலைக்கு அவர்கள் வந்ததில்லை. இறுதிக்குப் போகிற இரண்டு அணிகளுக்கும் உலகப் போட்டியில் இடம் உண்டு. அன்று ஞாயிறு. கேம்ப்புக்கு எதிரே கீழக்கரைக்காரர் ஒருவரின் மளிகைக் கடை இருக்கிறது. குளிர்பான ஃபிரிஜ்ஜுக்கு மேலே ஒரு டிவி. அதில் எப்போதும் கிரிக்கெட்தான் ஓடும். அன்று எங்கள் ஆட்கள் பத்துப் பேர் போய் நின்று, பாய், கிரிக்கெட்டை மாத்துங்க என்றதும் அவர் நாங்கள் ஏதோ கலாட்டாவுக்கு வந்திருப்பதாக நினைத்தார். விஷயத்தைச் சொன்னதும், "பொம்பளப் புள்ளைங்க வாலிபாலா? அதுவும் ஆப்பிரிக்காவுலயா? சரி, பாருங்க வாப்பா, ஆனா வாசல மறைக்காம நில்லுங்க" என்றார். என் போனிலிருந்து டிவிக்குப் படம் போனது. அடிக்கடி நின்று நின்று ஓடியது.

கேமரா மைதானத்தின் ஒரு கோடியில், உயரத்தில் இருந்தது. முகங்கள் தெரியவில்லை. வர்ணனை பிரெஞ்சில். சிஸ்டரின் நாட்டு ஆட்கள் பச்சைச் சட்டை. ஒருவர் மட்டும் ஆரஞ்சு. அவர் பின் இடதில் நின்றார்.

"அந்தா சிஸ்டரு" என்றார் கேப்டன்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "தம்பி, எறும்பு அளவுக்குத் தெரியுது. அதுல உங்களுக்கு ஆளு தெரியுதாக்கும்?"

"கால பாருங்க பாய்."

எல்லோரும் காலைப் பார்த்தோம். எதிரணி சர்வீஸ் அடிப்பதற்கு முன் அந்த ஆரஞ்சுச் சட்டைக்காரர் வலது காலால் தரையை ஒரு தேய்ப்புத் தேய்த்தார். அடுத்த சர்வீஸுக்கும் தேய்த்தார். அதற்கடுத்த சர்வீஸில் படம் நின்றுவிட்டது.

ஷூவின் அடிப்பாகத்தைத் துடைக்கிற பழக்கம் உள்ளரங்கில் ஆடுகிற பலருக்கு உண்டு, வியர்வையில் வழுக்காமல் இருப்பதற்காக, என்று நான் சொன்னேன். படித்த விஷயம்தான்.

"தொடைக்கிறதுன்னா ரெண்டு காலையும்ல தொடைக்கணும்?" என்றார் கேப்டன். "அது தொடைக்கலண்ணே. கல்ல ஒதுக்குது. அந்தத் தரையில ஏதுண்ணே கல்லு?"

படம் திரும்ப வந்தபோது மூன்றாவது செட் முடிந்திருந்தது. சிஸ்டரின் நாடு ஐந்தாவது செட்டில் ஜெயித்தது. கடைசிப் பந்தை எதிரணி முழு பலத்தோடு பின் இடதுக்கு அடித்தது. ஆரஞ்சுச் சட்டைக்காரர் அதை எடுத்தார். பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் முன் இடதிலிருந்து அடித்து முடித்தார். எல்லோரும் ஓடிவந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்ததில் ஆரஞ்சு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கடைக்காரர் எல்லோருக்கும் டீ சொன்னார். கேப்டன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே டிவிக்குக் கீழே நின்றார், விளம்பரம் வந்த பிறகும். இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். ஆனால் உலகப் போட்டிக்கு இடம் கிடைத்துவிட்டது.

எங்கள் மைதானத்தில் இப்போது பின் இடதில் தென்காசியிலிருந்து புதிதாக வந்த வெல்டர் நிற்கிறார். முதல் நாள் கேப்டன் அவருக்குச் சொன்னது என் டைரியில் இருக்கிறது: "அது சிஸ்டர் எடம். அவங்க வர்ற வரைக்கும் நில்லு." வெல்டர் எந்த சிஸ்டர் என்று கேட்டார். ஆட்டம் முடிந்ததும் சொல்கிறேன் என்றார் கேப்டன்.

இனி, எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்து எழுதிவிடுகிறேன். அந்த அணி அரையிறுதியில் ஜெயித்தது உறுதி. லிபரோ இடத்துக்காகச் சிஸ்டரைத் தேர்வு முகாமில் இன்னும் இரண்டு வாரம் இருக்கச் சொன்னார்கள். இது அவர் குரலிலேயே இருக்கிறது. போட்டிக்குப் போன அணியில் லிபரோ என்று இரண்டு பேர் குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் பெயர் சிஸ்டரின் பெயர்தான். ஆனால் அது அந்த நாட்டில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். எங்கள் கேட்டிலேயே அந்தப் பெயரில் மூன்று பேர் டூட்டி பார்த்திருக்கிறார்கள். அவர்களில் இப்போது இருக்கிற இரண்டு பேரிடமும் கேட்டேன். ஒருவர், அது அவள்தான், சந்தேகமே வேண்டாம் என்றார். மற்றவர், அவள் முகாமோடு சரி, விமானம் ஏறவில்லை, சிறைத்துறையில் வேலை கிடைத்து இப்போது அங்கே ஆடுகிறாள் என்று தன் அக்கா சொன்னதாகச் சொன்னார்.

ஆரஞ்சுச் சட்டையில் நின்றவர் எங்கள் கேட் சிஸ்டர்தானா என்பது, நான் இதை எழுதும் நாள் வரை, உறுதி செய்யப்படவில்லை.